ஆடு வருது!

அந்த மருத்துவமனை ஸ்டோர்ஸில் ஒரு பொருள் வேண்டுமென்றால் முதலில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். கையுறை கிழிந்ததா, கிழிந்த கையுறையைக் கொண்டு வா. பல்பு போச்சா, போன பல்பை எடுத்து வா. துடைப்பம் தேய்ந்ததா, அந்தக் கட்டையையாவது காட்டு. 'பழசைக் குடு, புதுசை எடு.' இதுதான் ஸ்டோர்ஸ்காரரின் சட்டம். பேனாவைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற ஒரு டாக்டரம்மாவிடம்கூட, "தொலைஞ்சதைக் கொண்டாங்க, புதுசு தரேன்" என்றாராம். அதெல்லாம் சும்மா கட்டிவிட்டது என்று அவர் மறுப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே மறுப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். சோப்பு கேட்டால் கரைந்த சோப்பின் மிச்சத்தைப் பார்க்காமல் புது சோப்பைப் பிரிக்க மாட்டார். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பழைய புருஷனைக் குடுத்துட்டு வரச் சொல்லாம விட்டீங்களே" என்று மனைவி கேட்பார். அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மனசும் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆள் பார்க்கச் சுத்தமாக இருப்பார். சட்டையின் கழுத்துப் பட்டனைப் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, அந்த மேல் பட்டன் பூட்டித்தான் இருக்கும். அதனால் அவருக்குப் 'பட்டன் சார்' என்று ஒரு பேர் இருந்தது. அவருக்கும் தெரியும், பெருமைதான். இரண்டாவதாக ஒரு பேர் வந்தது. அது அவருக்குத் தெரியாது. இந்தக் கதையே அந்தப் பேரைப் பற்றியதுதான்.

தப்பான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காசு கைநீட்டி வாங்கினதில்லை. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளிக்காக வளர்க்கிற செம்மறி ஆடுகளின் பின்பக்கத் தோலை, மயக்க மருந்துகூடக் கொடுக்காமல், கத்தரித்து எடுக்கிறார்கள். ஆடு கத்துகிறது. ஸ்டோர்ஸ்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதை டிஸ்பென்சரிப் பெண் பார்த்திருக்கிறாள். பொய்யில்லை, உண்மையாகவே அழுதார்.

அழுதால் அழுதுவிட்டுப் போகலாம் இல்லையா? இவர் அப்படி விடுகிற ஆளில்லை. அன்றிலிருந்து யார் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி வந்தாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்திப் பார்க்க ஆரம்பித்தார். முடி கருகுகிற வாசம் வந்து, பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி, கறுப்பாக ஒரு உருண்டை நின்றால் அக்ரிலிக். "பிளாஸ்டிக்கைக் கழுத்துல சுத்தியிருக்கீங்க. துவைக்கத் துவைக்கத் தூள் தூளா உதிர்ந்து கடலுக்குப் போகுது. மீன் திங்குது. மீனை நீங்க திங்கறீங்க" என்பார். கம்பளியாக இருந்தாலும் விடமாட்டார். எந்த ஆடு, யார் முடி வெட்டினார்கள், யார் பின்னினார்கள் என்று அடுத்த விசாரணை தொடங்கும். ஒருமுறை ஸ்டோர்ஸுக்குள் புகை மணி அடித்து, மூன்றாம் மாடி நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் வெளியே வராந்தாவில் வைத்துக் கொளுத்தினார்.

இப்போது மச்சினனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மனைவியின் தம்பி. அதே மருத்துவமனையின் மெயின் கேட்டில் காவலாளி. வேலைக்கு ஸ்டோர்ஸ்காரர்தான் சொல்லிவிட்டார். அந்த நன்றி அவனுக்கு உண்டு, மாமா நின்றால் உட்கார மாட்டான். போன வருஷம் அவனுக்குத் தைராய்டில் கட்டி வந்து, கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தியேட்டர் வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நம்ம ஸ்டோர்ஸ்காரர்தான். டாக்டர் வெளியே வந்து சொன்னதையும் அவர்தான் கேட்டுக்கொண்டார். கழுத்தில் குளிர் படவிடக்கூடாது, தழும்பு உரசக்கூடாது, குரலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தக் குரல் இன்னொரு தடவை கட்டினால் திரும்புமா என்று சொல்ல முடியாது.

கேட்டில் நிற்கிறவனுக்குக் குரல்தானே எல்லாம். ஆம்புலன்ஸ் வரும்போது "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்த வேண்டும். அவன் திரும்பி வேலைக்கு வந்த அன்றே செக்யூரிட்டி சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், "கத்த முடியாத காவலாளியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்தக் குளிர்காலத்தைப் பார்ப்பேன். குரல் வரலைன்னா வேற ஆள் பார்த்துக்குவேன்." ஆக, அந்தக் குளிர்காலம் அவனுக்கு ஒரு பரீட்சை. கழுத்தைக் காப்பாற்றினால் வேலை.

அக்கா உடனே கடைக்குப் போய் அவனுக்கு ஒரு ஸ்கார்ஃப் வாங்கினார். மேக நீலம். பூனைக்குட்டியைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருந்தது. கூடப் போனது ஸ்டோர்ஸ்காரர்தான், பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். அப்போது அவர் ஆடு வீடியோ பார்த்திருக்கவில்லை.

குளிர் இறங்குகிற சமயத்தில் மேனேஜர் ஸ்டோர்ஸ்காரரைக் கூப்பிட்டார். "வாசலைப் புதுசா கட்டியாச்சு. நம்ம செக்யூரிட்டி ஆளுங்க கழுத்துல ஒருத்தருக்குச் சிவப்பு, ஒருத்தருக்குக் கட்டம், ஒருத்தருக்கு நீலம். பார்க்கக் கண்றாவியா இருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்ல ஸ்கார்ஃபா நீங்களே தேர்ந்தெடுங்க."

நீங்களே தேர்ந்தெடுங்க! பாயசத்தில் விழுந்த முந்திரி மாதிரி ஆகிவிட்டார் மனிதர். ஊரில் உள்ள சப்ளையர்களை எல்லாம் போனில் பிடித்து உலுக்கினார். ஆட்டுக்குக் காயம் படுமா? மேய இடம் இருக்கா? பின்னுகிற பெண்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் உண்டா? சாயத் தண்ணி எங்கே போகிறது? ஒரு சப்ளையர் நொந்துபோய், "சார், வீட்ல மாமியார் சந்தோஷமா இருக்காங்களான்னே எனக்குத் தெரியல, ஆட்டைப் பத்தி நான் என்னன்னு சொல்றது?" என்றார். போனை வைத்துவிட்டார் ஸ்டோர்ஸ்காரர். கடைசியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் கிடைத்தது. ஆட்டின் தோலில் கத்தி படாது. வெயில் ஏறினபிறகுதான் மெதுவாக முடி வெட்டுவார்கள், வெட்டின ஆட்டுக்குப் போர்வை வேறு. பின்னுகிற பெண்கள்தான் சங்கத்தின் முதலாளிகள். சாயமே கிடையாது, ஆட்டின் பழுப்பு நிறம்தான் ஸ்கார்ஃபின் நிறம். கெட்டியான முரட்டு நூல், பத்து வருஷம் ஆனாலும் கிழியாது.

மாதிரிக்கு ஒன்று வந்தது. அதை ஒரு வாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். ஹீட்டர் ஓடுகிற ஸ்டோர்ஸில், பட்டன் போட்ட காலருக்கு மேலே. கும்மென்று இருந்தது. ஆர்டர் போட்டுவிட்டார். காவலாளிகளின் யூனிஃபார்ம் வட்டக் கழுத்து ஸ்வெட்டர், காலர் கிடையாது. அந்த ஸ்வெட்டர்களைக் கொடுத்ததும் இதே ஸ்டோர்ஸ்தான்.

கேன்டீனில் வைத்துக் கொடுத்தார்கள். மேனேஜர் இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்தார். ஸ்டோர்ஸ்காரர் எழுந்தார், உட்காரவில்லை. ஆடு எப்படிப் பிறக்கிறது என்பதில் ஆரம்பித்து, அதன் தோல் எவ்வளவு மென்மையானது, ஒரு கீறல் பட்டாலும் அதற்கு எப்படி வலிக்கும் என்று நெகிழ்ந்து போய்ப் பேசினார். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அவசரப் பிரிவு வாசலில் நிற்கிற காவலாளி ஒரு அம்மாள், கூட்டத்தை விரட்ட விசில் ஊதி ஊதியே 'விசில் அக்கா' என்று பேர் வாங்கினவர். அவர் கையைத் தூக்கி, "சார், இப்ப அந்த ஆடு சந்தோஷமா இருக்கில்ல?" என்று கேட்டார்.

"ரொம்ப சந்தோஷமா இருக்கும்மா" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"அது போதும் சார் எங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்ஸ்காரரும் சிரித்தார், பாராட்டு என்று நினைத்து.

அப்புறம்தான் அந்த வேலையைச் செய்தார். "சரி, வரிசையா வாங்க. பழசைக் குடு, புதுசை எடு." அந்தப் பழைய ஸ்கார்ஃப்கள் மருத்துவமனை கொடுத்ததில்லை ஐயா! அவரவர் சொந்தக் காசில் வாங்கினது. ஆனால் எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு அவருக்கே அது நியாயமாகவும் பட்டது. ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டோர்ஸ்காரரிடம் எதிர்த்துப் பேசினால் அடுத்த மழைக்கோட்டு எப்போது வருமென்று சொல்ல முடியாது.

மச்சினன் முறை வந்தது. அவன் நீல ஸ்கார்ஃபைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இது என்னோடது. அக்கா வாங்கிக்..."

"எல்லாரும் அவங்கவங்களோடதைத்தான் குடுத்தாங்க." குரலைத் தணித்து, "சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? நாலு பேர் பார்க்கிறாங்க மாப்ளே."

கொடுத்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் ஸ்டோர்ஸ்காரருக்கு இன்னும் ஒரு படி உற்சாகம் வந்துவிட்டது. நீல நூல் ஒன்றை உருவி, கொளுத்திக் காட்டினார். கறுப்பாக உருண்டது. "பாருங்க எல்லாரும். சுத்தமான பிளாஸ்டிக். இதையா மாப்ளே கழுத்துல சுத்திட்டுத் திரிஞ்சே?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். புதுசைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாமா.

"சூப்பரா இருக்கு மாமா."

பழையதையெல்லாம் குப்பையில் போட்டால் ஸ்டோர்ஸ்காரர் மனசு ஆறாது. துண்டு துண்டாக வெட்டி, பாய்லர் அறைக்கு எண்ணெய் துடைக்க அனுப்பிவைத்தார். ஒரு இழைகூட வீணாகவில்லை என்று மேனேஜரிடம் சொன்னபோது அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவரைப் போல ஒரு சந்தோஷமான மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. மதியம் வேண்டுமென்றே மெயின் படியிறங்கி, வாசலைச் சுற்றிக்கொண்டு வருவார். அத்தனை கழுத்திலும் பழுப்பு ஸ்கார்ஃப். எல்லோரும் விறைப்பாக நின்று வணக்கம் சொல்வார்கள். நோட்டீஸ் போர்டில் போட்டோவேறு போட்டாகிவிட்டது. வீட்டில் மட்டும் மனைவி, "தம்பி ஏன் இப்பல்லாம் வீட்டுக்கு வரதே இல்ல? போன்ல பேசினா குரல் கரகரன்னு வருது. நீங்க தினம் பார்க்கிறீங்களே, நல்லா இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜம்முன்னு இருக்கான். உலகத்துலயே நல்ல கம்பளி அவன் கழுத்துலதான் இருக்கு" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

ஒருநாள் சலவைப் பகுதியில் போர்வைக் கட்டு ஏதோ குறைகிறது என்று பார்க்கப் போனார். திரும்பும்போது பின்பக்கமாகவே வாசலுக்கு வந்துவிடலாமென்று துணி வண்டிகளுக்கு நடுவே நடந்து வந்தார். அப்போதுதான் விசில் அக்காவின் குரல் கேட்டது.

"ஆடு வருது! ஆடு வருது!"

ஆடா? ஆஸ்பத்திரிக்குள்ளே ஆடா? புது வாசலில் நட்ட செடி இப்போதுதான் துளிர்விட்டிருக்கிறது! பாவம், சாலையில் அடிபட்டுவிடப் போகிறதே என்றும் இருந்தது அவருக்கு. சுவரில் சாத்தியிருந்த ஒரு மாப் கட்டையை எடுத்துக்கொண்டு, ஆட்டுக்கு வலிக்காமல் விரட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓடினார். ஓடின மனிதர் கடைசி வண்டிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் ஆடு இல்லை. காவலாளிகள்தான் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் நாற்காலிக்கு அடியிலிருந்து பழுப்பு ஸ்கார்ஃபை உருவுகிறார். ஒருவர் தீயணைப்பு மணல் வாளியிலிருந்து எடுத்து உதறுகிறார். விசில் அக்கா சுற்றிக்கொண்டே மெயின் படியைப் பார்க்கிறார். படியில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அடச்சே, ஆடு இல்ல! லேப்காரர்!"

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுக்கா. இப்பதான் அவுத்துப் போட்டேன்."

எல்லோரும் ஸ்கார்ஃபை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார்கள். அத்தனை கழுத்தும் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக இருந்தது. கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, பழசும் கையில் இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கழுத்தோடு, தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

மச்சினன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்தில் ஏதோ நீலமாக இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த சின்னச் சின்னத் துணித் துண்டுகள். ஊக்கு குத்தி, ஒன்றோடொன்று கோத்து, பட்டையாகக் கட்டியிருந்தான். பாய்லர் அறையில் கெஞ்சி வாங்கியிருக்கிறான். தன் ஸ்கார்ஃபையே, வெட்டிப்போட்ட துண்டுகளாக. ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. அவன் வாயைத் திறந்தான், வெறும் காற்றுதான் வந்தது. விசில் அக்கா ஓடி வந்து அவனுக்காக "வழி விடுங்க" என்று கத்தினார்.

ஸ்டோர்ஸ்காரருக்குக் காது இரண்டும் சுட்டது. ஆடு என்றால் தான்தான் என்று புரிந்தது அப்போதுதான். அது அவரைச் சுடவில்லை, சொன்னால் நம்புங்கள். நீலம்தான் சுட்டது.

சரி, போய்க் காலில் விழுந்திருக்க வேண்டாம், கிட்டப் போயாவது நின்றிருக்கலாம் இல்லையா? என்ன செய்தார் தெரியுமா? மாப் கட்டையைச் சத்தம் போடாமல் சாத்தினார். வந்த வழியே திரும்பினார். சலவைப் பகுதியைச் சுற்றி, உள்ளே போய், மெயின் படி வழியாக இறங்கினார். இறங்குவதற்கு முன் பலமாக இருமினார். கட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார்! வாசலுக்கு வந்தபோது எல்லோர் கழுத்திலும் பழுப்பு. வணக்கம் சொன்னார்கள். அவரும் வணக்கம் சொன்னார். மச்சினன் நீலத்தை மறைத்துப் பழுப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டு புன்னகை செய்தான். அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்தார். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு தலையாட்டல் இல்லை. அது அவருக்கே தெரிந்தது, நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி போன் பண்ணான். 'அக்கா'ன்னான், அதுக்கு மேல சத்தமே வரல. வச்சிட்டான். என்னங்க நடக்குது அங்க? மறைக்காம சொல்லுங்க."

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், நூலைக் கொளுத்தினது வரைக்கும். இருமினதை மட்டும் சொல்லவில்லை.

மனைவி போனைக் கீழே வைத்தார். அந்த அம்மாள் மெதுவாகப் பேசுவது எவ்வளவு பயங்கரம் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆட்டுக்கு வலிக்குமான்னு கேட்டீங்க. பின்னினவங்களுக்கு வயிறு நிறையுதான்னு கேட்டீங்க. ஆத்துல சாயம் போகுதான்னுகூடக் கேட்டீங்க. எல்லாம் நல்ல கேள்விதான், நான் குறை சொல்லல. கட்டிக்கப் போறவன் கழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஸ்டோர்ஸ்காரர் மேல் பட்டனைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தியேட்டர் வாசல்ல என் பக்கத்துல உட்கார்ந்து அழுதீங்களே, அது இவனுக்காகத்தானே? துணியைப் பிடுங்கும்போது அந்தக் கழுத்தைப் பார்க்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. துணியைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலையில் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் வேலைக்குக் கிளம்பினார். வெறுங்கழுத்தில் பழுப்பு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டார். பஸ் நிறுத்தம் வருவதற்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. மதியத்துக்குள் கழுத்தெல்லாம் நெருப்பு. அவிழ்க்கவில்லை. கவுன்ட்டருக்கு வந்தவர்கள் பட்டனில்லாத கழுத்தைப் பார்த்துப் பயந்து, கேட்டதைக்கூட மறந்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே சூப்பர்வைசர் மச்சினனை மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார், குரல் வரவில்லை, ஆளை மாற்ற வேண்டும் என்று. விஷயம் தெரிந்து ஸ்டோர்ஸ்காரர் ஓடினார். அறையில் மச்சினன் சுவரோரமாக நின்றான். மேனேஜர் ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், அவனை அனுப்பாதீங்க. இது என்னால சார். அவன் கழுத்துல இருந்ததை நான்தான் புடுங்கினேன்."

முழுசையும் சொன்னார், மச்சினனை வைத்துக்கொண்டே. சொல்லச் சொல்ல மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடுங்க. நல்ல எண்ணத்துலதானே பண்ணீங்க!" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட ஸ்டோர்ஸ்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு கழுத்து அரிப்பைவிட மோசமாக இருந்தது. டாக்டர் குரலுக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். அதுவரை உள்ளே, மாத்திரை கொடுக்கிற இடத்தில், வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் மேனேஜர். குரல் திரும்பினால் கேட், திரும்பாவிட்டால் அப்போது யோசிக்கலாம் என்றார்.

ஸ்டோர்ஸில் கழித்துக்கட்டின படுக்கை விரிப்புகள் கிடந்தன. பல வருஷம் துவைத்துத் துவைத்து மெழுகு மாதிரி ஆகிவிட்ட பருத்தி. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்தார். ஸ்டோர்ஸ்காரர் வெட்டிக்கொடுத்தார். காவலாளிகளிடமிருந்து திரும்ப வாங்கி வந்த ஒவ்வொரு ஸ்கார்ஃபுக்கும் உள்பக்கம் ஒரு பருத்தி லைனிங். விடுமுறை நாள் பூராவும் அதே வேலை. மனைவி "கத்தரிக்கோல்" என்றார், "நூல்" என்றார். அவ்வளவுதான்.

கொடுக்கப் போனபோது, விசில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு, "சார், குடுக்கறதுக்குப் பழசு ஒண்ணும் இல்லையே" என்றார். கிண்டலில்லை, உண்மையாகவே பயந்துதான் கேட்டார்.

"வேணாம்மா. சும்மா எடுத்துக்குங்க. பிடிக்கலைன்னா வேணாம்னும் சொல்லிடுங்க. தப்பே இல்ல."

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லோரும் கட்டிக்கொண்டு, "நல்லா இருக்கு சார்", "மெத்துன்னு இருக்கு சார்" என்றார்கள். முகம் முகமாகப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. போன தடவையும் இவர்கள் இப்படித்தான் சொன்னார்கள்.

அதிலிருந்து அவர் மெயின் படி வழியாகப் போவதை விட்டுவிட்டார். பின்பக்க வழியாக வருவார், பின்பக்க வழியாகப் போவார். அவருக்காக யாரும் எதையும் கட்டிக்கொள்ள வேண்டாம் பாருங்கள்.

குளிர் உச்சத்தில் இருக்கும்போது மச்சினன் குரல் கொஞ்சம் திரும்பியது. முழுசாக இல்லை, உள்ளே எங்கேயோ கிழிந்த மாதிரி ஒரு குரல். ஆனால் கூப்பிட்டால் கேட்கும். கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் இன்னும் கண்கொத்திப் பாம்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கேட்டுக்குப் போன முதல் நாள், அக்கா கொடுத்த சூடான பால் பிளாஸ்க்கோடு ஸ்டோர்ஸ்காரர் போக வேண்டியதாயிற்று. ரொம்ப நாளைக்கப்புறம் மெயின் படியில் இறங்கினார். இருமவில்லை. யாரோ ஒருவர் "ஆடு" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

மச்சினன் கழுத்தில் பழுப்பு ஸ்கார்ஃப் இருந்தது. ஓரத்தில் வெள்ளைப் பருத்தி தெரிந்தது. பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டான்.

"இப்ப எப்படி மாப்ளே இருக்கு?"

"சூப்பரா இருக்கு மாமா."

அதே வார்த்தை. அதே சிரிப்பு. அதே குனிந்த தலை. ஸ்டோர்ஸ்காரர் கையை நீட்டி, ஸ்கார்ஃபின் மடிப்பை லேசாக விலக்கினார். மச்சினன் விலகவில்லை, மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டான். பழுப்புக்குள்ளே, பருத்திக்கும் உள்ளே, அந்த நீலத் துண்டுகள் இன்னும் இருந்தன. துவைத்துத் துவைத்து எண்ணெய்க் கறை மங்கியிருந்தது. ஒரு ஊக்கு கழன்று, முனை தழும்பைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தழும்பை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆபரேஷன் முடிந்து எத்தனையோ மாசமாகிறது.

திட்டவில்லை. ஏன் இன்னும் இதைக் கட்டியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஊக்கைப் பிடித்து மெதுவாக மாட்டிவிட்டார். இரண்டு தரம் நழுவியது, மூன்றாவது தரம்தான் மாட்டிற்று. நீலத்தைத் தழும்பின் மேல் சரியாக இழுத்துவிட்டு, பழுப்பைத் திரும்ப மூடினார்.

"மாமா" என்றான் மச்சினன். சத்தம் பாதிதான் வந்தது. "கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ஓரம் குத்துது மாமா."

ஒரு சின்ன வார்த்தை. அதைச் சொல்வதற்கு அவன் ஒரு குளிர்காலம் முழுக்கப் பயந்திருக்கிறான், அதுவும் மாமாவிடம். இதைக் கேட்டு வெட்கத்தில் ஸ்டோர்ஸ்காரருக்கு முகமெல்லாம் எரிந்தது. கண் கலங்கினதைக் காட்டாமலிருக்கக் குனிந்து ஸ்கார்ஃபின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பக்கம்டா?"